குரங்கைத் தொடாமலே குலம் அறியலாம்!

மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு இலத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறது நம் தமிழ். சாணத்தைக் கரைத்து வாசல் தெளித்தோம், வரட்டி தட்டினோம். புழுக்கையை வயலுக்கு உரமாகப் போட்டோம். ஆனால் குரங்கின் மலத்துக்கு ஓர் உபயோகம் உண்டு என்று நம் முன்னோர் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. கோயில் மண்டபத்திலோ மொட்டை மாடியிலோ கிடந்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவதுதான் வழக்கம்.

அந்த மலத்துக்கும் இன்று மதிப்பு வந்துவிட்டது. கையுறை மாட்டிக்கொண்டு, சிறு சிறு புட்டிகளுடன் விஞ்ஞானிகள் காடு காடாக அலைந்து அதைச் சேகரிக்கிறார்கள். அதிலிருந்து 'டி.என்.ஏ.' என்னும் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தக் குரங்கு ஆணா பெண்ணா, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, யாருக்கு உறவு, அதன் முன்னோர் எந்த மலையில் வாழ்ந்தவர்கள் என்பதையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிறார்கள். குரங்கைப் பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம், நேரில் பார்க்கக்கூட வேண்டாம்!

இது வேடிக்கைக்காகச் செய்யும் காரியம் அல்ல. உலகில் தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாத சில குரங்கினங்கள் நம் கண்ணெதிரே குறைந்து வருகின்றன. அவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால், எத்தனை இருக்கின்றன, எவை எவற்றோடு சேர்ந்தவை என்று முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் வழிகளில் ஒன்றாக இந்த மல ஆராய்ச்சி வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்ற ஆராய்ச்சிக்கூடம் ஐதராபாத்தில் இருக்கிறது. சேஷாசல மலையடிவாரத்தில் வாழும் நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

பிடித்துப் பார்த்தால் என்ன?

குரங்கைப் பிடித்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் வேலை எளிதில் முடிந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். ரத்தத்தில் டி.என்.ஏ. தாராளமாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிடிப்பது எப்படி?

அடர்ந்த மழைக்காட்டில் 80 அடி, 100 அடி உயரத்தில் கிளைக்குக் கிளை தாவும் குரங்கை மயக்க ஊசித் துப்பாக்கியால் சுட்டால், மயங்கிய குரங்கு அவ்வளவு உயரத்திலிருந்து கீழே விழும். தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு குட்டி இருந்தால் அதன் கதி என்ன? மருந்தின் அளவு சற்று மிஞ்சினாலும் ஆபத்து. அச்சத்தில் கூட்டமே அந்த இடத்தை விட்டு ஓடிவிடக்கூடும். ஆயிரக்கணக்கில் இருக்கும் இனமானால் ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். மொத்தமே சில நூறு, சில ஆயிரம் என்று இருக்கும் இனத்தில், ஆராய்ச்சிக்காக ஒன்றை இழப்பதும் பெரும் இழப்பே.

மலமோ குரங்கு தானாகவே விட்டுச் செல்லும் பொருள். தினமும் கிடைக்கும். எடுப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை!

கழிவுக்குள் மரபு வந்தது எப்படி?

தின்ற பழமும் இலையும் செரித்து வெளியே வரும் கழிவில் குரங்கின் டி.என்.ஏ. எங்கிருந்து வந்தது? இதற்கு விடை எளிது. குடலின் உட்புறத்தில் மெல்லிய தோல் போன்ற படலம் இருக்கிறது. நம் தோலில் பழைய செதில்கள் உதிர்ந்து புதியவை தோன்றுவது போலவே, அந்தப் படலத்தின் செல்களும் நாள்தோறும் உதிர்கின்றன. கழிவு குடலை உராய்ந்துகொண்டு வெளியேறும்போது உதிர்ந்த செல்களும் அதன் மேல் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்தப் பிராணியின் டி.என்.ஏ. இருக்கிறது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு, மேற்பரப்பைத்தான் முக்கியமாகச் சுரண்டி எடுக்கிறார்கள்.

எடுப்பதற்கும் முறை உண்டு. வெயிலும் மழையும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். எனவே புதிதாக விழுந்ததாக இருக்க வேண்டும். குரங்குகள் இரவு தங்கும் மரத்தை முதல்நாள் மாலையே பார்த்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் அதன் அடியில் தேடுவது நல்ல பலன் தரும். எடுத்ததை ஆல்கஹாலில் போட்டோ, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் உலர்த்தியோ பத்திரப்படுத்துகிறார்கள். இடம், தேதி, நேரம் எல்லாம் புட்டியின் மேல் எழுதப்படும். சீட்டு இல்லாத புட்டி, விலாசம் இல்லாத தபாலுக்குச் சமானம்.

கூடத்துக்கு வந்த பின்தான் நுட்பமான வேலை. கழிவில் குரங்கின் டி.என்.ஏ. மட்டுமா இருக்கிறது? தின்ற செடியின் டி.என்.ஏ., பூச்சியின் டி.என்.ஏ., குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கும்பலில் குரங்குக்கு உரியது மிகச் சொற்பம். இரசாயனங்களைச் சேர்த்து, சுழற்றி, வடித்து டி.என்.ஏ.வைத் தனியே எடுத்த பிறகு, குரங்குக்கு உரிய பகுதியை மட்டும் பெருக்க வேண்டும்.

அதற்குக் கைகொடுப்பது 'பி.சி.ஆர்.' என்னும் முறை. அமெரிக்க விஞ்ஞானி கேரி முல்லிஸ் 1983-ல் கண்டுபிடித்த இந்த முறைக்காக அவருக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதை ஒரு ஜெராக்ஸ் யந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தைக் கொடுத்தால் இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும், நான்கை எட்டாக்கும். 30 சுற்று ஓடினால் ஒன்று 100 கோடிக்கும் மேலாகிவிடும். பல ஆயிரம் புத்தகங்கள் கலந்து கிடக்கும் குவியலில், நமக்கு வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் தேடிப் பிடித்து நகல் எடுக்கும் யந்திரம் இது!

நகல் எடுத்த பின் படிக்க வேண்டும். டி.என்.ஏ.வில் சில இடங்களில் சிறு சிறு துணுக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு குரங்குக்கு அந்தத் துணுக்கு 10 முறை வந்தால் மற்றொன்றுக்கு 14 முறை வரும். இப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், கைரேகை போல ஒவ்வொரு குரங்குக்கும் ஓர் அடையாளம் கிடைத்துவிடுகிறது. தாய்க்கும் குட்டிக்கும் உள்ள ஒற்றுமையும், தந்தை யார் என்பதும் இதில் வெளிப்படும். இது தவிர, தாய் வழியாக மட்டுமே இறங்கி வரும் ஒருவகை டி.என்.ஏ.வும் உண்டு. அதைக் கொண்டு தாய்வழிக் குலத்தை ஆயிரம் தலைமுறைகளுக்கு அப்பாலும் தேடிப் போகலாம்.

இவ்வளவிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கழிவில் கிடைக்கும் டி.என்.ஏ. உடைந்து நைந்து போயிருப்பதால், தந்தை வழி வந்ததும் தாய் வழி வந்ததுமான இரண்டு எழுத்துக்களில் ஒன்று மட்டும் தெரிந்து மற்றது மறைந்துவிடக்கூடும். அதை நம்பினால் ஒரே குரங்கை இரண்டாக எண்ணும் பிழை நேரும். எனவே ஒரே மாதிரியைப் பலமுறை சோதித்து, ஒத்து வந்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த வேலைக்குக் கெட்டிக்காரத்தனத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.

கரடியில் தொடங்கிய கதை

காட்டு மிருகங்களின் கழிவிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம் என்று 1992-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. இத்தாலி நாட்டு மலைகளில் எஞ்சியிருந்த பழுப்புக் கரடிகளைப் பற்றியது அது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்வாந்தே பேபோ, பிற்காலத்தில் ஆதிமனிதர்களின் மரபை ஆராய்ந்து 2022-ல் நோபல் பரிசு பெற்றவர். 1995-ல் ஆப்பிரிக்காவின் பபூன் குரங்குகளிடம் இதே முறையைக் கையாண்டு வெற்றி கண்டார்கள்.

இந்த முறையின் அருமையை விளக்க ஓர் உதாரணம் போதும். உகாண்டா நாட்டில் ப்விந்தி என்ற காடு இருக்கிறது. உலகில் மலைக் கொரில்லாக்கள் வாழும் இரண்டே இடங்களில் அது ஒன்று. கொரில்லா தினமும் இரவில் இலை தழைகளால் புதுப் படுக்கை அமைத்துத் தூங்கும்; காலையில் கழிவை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். படுக்கைகளை எண்ணி, இத்தனை கொரில்லாக்கள் என்று கணக்கிடுவதுதான் பழைய முறை. 2006-ல் நடந்த கணக்கெடுப்பில் படுக்கைகளை எண்ணியதோடு, அவற்றில் கிடந்த கழிவின் டி.என்.ஏ.வையும் சோதித்தார்கள். படுக்கைக் கணக்குப்படி 336 கொரில்லாக்கள். டி.என்.ஏ. கணக்குப்படி 302 தான்! சில கொரில்லாக்கள் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட படுக்கைகள் போட்டிருந்தன. முந்நூற்றுச் சொச்சம் கொரில்லாக்களே உள்ள ஒரு காட்டில் 34 என்பது சாமான்ய வித்தியாசமா? இல்லாத கொரில்லாக்களை இருப்பதாக எண்ணித் திருப்தி அடைந்திருப்போம்.

மனிதர்களின் நோய்களுக்கும் இந்தக் கழிவு விளக்கம் தந்திருக்கிறது. எய்ட்ஸ் நோயை உலகெங்கும் பரப்பிய கிருமியின் மூலம், காமரூன் நாட்டின் தென்பகுதிச் சிம்பன்சிகளிடம் இருந்தது என்று 2006-ல் கண்டறிந்தார்கள். கொடிய வகை மலேரியாக் கிருமி கொரில்லாவிடமிருந்து மனிதனுக்கு வந்தது என்பது 2010-ல் தெரிய வந்தது. இரண்டுக்குமே ஆதாரம் காட்டில் பொறுக்கிச் சேர்த்த குரங்குக் கழிவுதான்!

ஐதராபாத் கூடம்

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்ட இடங்களில் முக்கியமானது ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். 1977-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. இந்தியாவில் டி.என்.ஏ. ரேகை முறைக்குத் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் லால்ஜி சிங் அங்கே பணியாற்றியவர். அழிந்துவரும் உயிரினங்களுக்காகவே ஒரு தனி ஆய்வகம் வேண்டும் என்று அவர் முயன்றதன் பலனாக, ஐதராபாத் அத்தாபூரில் 'லாகோன்ஸ்' என்ற ஆய்வகம் எழுந்தது. 2007-ல் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம்.

இந்த ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி டாக்டர் ஜி. உமாபதியும் அவருடைய குழுவினரும் சிங்கவால் குரங்கைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி, தமிழர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காடுகளில் இல்லை. கருத்த உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். சோலைமந்தி என்றும் சொல்வார்கள். தெற்கே களக்காடு தொடங்கி, வடக்கே கர்நாடகத்தின் சிர்சி-ஹொன்னாவர் காடுகள் வரை அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று பெரும் கிளர்ச்சி நடந்தபோது, அதன் அடையாளமாக விளங்கியது இந்தக் குரங்குதான். அந்தப் பள்ளத்தாக்கு 1984-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

வெளிப்பார்வைக்கு எல்லாச் சிங்கவால் குரங்குகளும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. நீலகிரிக் குரங்கையும் ஆனைமலைக் குரங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் சாதாரண மனிதனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டி.என்.ஏ. வேறு கதை சொல்லிற்று. 2015-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ளவையும் தெற்கே உள்ளவையும் பிரிந்து ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன!

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்கு அந்தக் கணவாய் தெரிந்திருக்கும். மலைத்தொடர் திடீரென்று இறங்கி, முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த நிலம் கிடக்கும். நமக்கு அது கேரளத்துக்குப் போகும் வாசல். மரத்தை விட்டு இறங்க விரும்பாத குரங்குக்கோ அது கடக்க முடியாத கடல்.

தெரிந்து என்ன பயன்?

பிரிந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இதைத் தெரிந்து ஆகப்போவது என்ன என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா போன்ற இடங்களில் சிங்கவால் குரங்கை வளர்த்துப் பெருக்கும் முயற்சி நடக்கிறது. ஒரு காலத்தில் காட்டில் குறைந்தால் இங்கிருந்து கொண்டுபோய் விடலாம் என்பது எண்ணம். ஆனால் கூண்டில் உள்ள குரங்கின் முன்னோர் கணவாய்க்கு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்? இது தெரியாமல் ஜோடி சேர்த்தால், இயற்கை 20 லட்சம் ஆண்டுகள் தனித்தனியாக வளர்த்த இரண்டு மரபுகளை நாம் ஒரே தலைமுறையில் கலந்துவிடுவோம். வடக்கே உள்ளதைத் தெற்கே கொண்டுபோய் விட்டாலும் அதே பிழைதான். பிறந்த ஊர் எது என்று குரங்கால் சொல்ல முடியாது. அதன் கழிவு சொல்லும்.

இன்னொரு பயனும் உண்டு. வால்பாறைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவு தீவாகச் சோலைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் அடைபட்ட குரங்குகள் வேறு சோலைக்குப் போக முடியாமல் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்க நேரிடும். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுத்தால் வரும் கேடு நமக்குத் தெரிந்ததுதானே? எந்தச் சோலையில் அந்த அபாயம் முற்றியிருக்கிறது என்பதை டி.என்.ஏ. காட்டிக் கொடுக்கும். எந்த இடத்தில் மரம் நட்டுச் சோலைகளை இணைக்க வேண்டும், எங்கே முதலில் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவும். வால்பாறைச் சாலைகளில் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்க விட்டிருக்கிறார்கள். இத்தகைய முயற்சிகளுக்கு இடம் தேர்ந்தெடுக்க விஞ்ஞானமும் கைகொடுத்தால் நல்லதுதானே?

இதே குழுவினர் 2016-ல் அஸ்ஸாம் மாநிலத்தின் தங்க நிற மந்திகளைப் பற்றியும் ஆய்வு வெளியிட்டார்கள். அஸ்ஸாமையும் பூட்டானையும் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. அங்கும் காடு துண்டுபட்டதால் கூட்டங்கள் பிரிந்து கிடக்கும் நிலைதான்.

கழிவில் டி.என்.ஏ. மட்டும் இருப்பதில்லை. குடற்புழுக்களின் முட்டைகளும் இருக்கும். ஆனைமலைச் சிங்கவால் குரங்குகளின் கழிவை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மனித நடமாட்டம் அதிகமான சோலைகளில் வாழும் குரங்குகளுக்குக் குடற்புழுத் தொல்லையும் அதிகம் என்பதே அது. நாம் காட்டுக்குள் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. நோயையும் கொண்டு போகிறோம்.

நம் மலைக் குரங்குகள்

இனி நம் ஊருக்கு வருவோம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறும் பக்தர்களைப் படியோரத்தில் வரவேற்பது யார்? தலையில் குல்லாய் வைத்தாற்போல் மயிர் வகிடெடுத்துப் பரந்திருக்கும், உடம்பைவிட வால் நீண்ட குரங்கு. கையில் இருக்கும் வாழைப்பழத்தை லாகவமாகப் பறித்துக்கொண்டு போகும் இந்தப் பிராணியை நாம் தொல்லையாக நினைக்கிறோம். அனுமாராக எண்ணிக் கும்பிடவும் செய்கிறோம். ஆனால் இது அபூர்வமானது என்று யாரும் நினைப்பதில்லை.

இந்தக் குல்லாய்க் குரங்கு தென்னிந்தியாவுக்கே உரியது. வடக்கே கோதாவரியும் தப்தியும் இதன் எல்லை என்று முன்பு சொல்வார்கள். அதற்கு வடக்கே இருப்பது சிவந்த பின்புறமும் குட்டை வாலும் கொண்ட ரீசஸ் குரங்கு. இந்த ரீசஸ் குரங்கு எல்லையைத் தாண்டித் தெற்கே இறங்கி வருகிறது என்றும், அது வந்த இடங்களில் குல்லாய்க் குரங்கு பின்வாங்குகிறது என்றும் 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள். ஓர் ஊரில் தொல்லை என்று பிடித்த குரங்குகளை லாரியில் ஏற்றி வேறு ஊர்க் காட்டில் விடும் வழக்கமும் இதற்கு ஒரு காரணம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் குல்லாய்க் குரங்கை இப்போது அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. தெருவுக்குத் தெரு காண்பதால் ஏராளம் என்று நினைத்தது தவறாகப் போயிற்று. சிட்டுக்குருவி விஷயத்தில் நாம் பட்ட பாடம்தான் இது.

இரண்டு இனங்களும் நெருங்கிய உறவுடையவை. சேர்ந்து வாழும் கூட்டங்களும் காணப்பட்டிருக்கின்றன. கலப்பு நேர்ந்தால் வாலின் நீளத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. படியோரத்தில் கிடக்கும் கழிவைச் சோதித்தால் தெரிந்துவிடும். தாய்வழி டி.என்.ஏ.வோடு இருவழி டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கூட்டத்தில் எவ்வளவு கலப்பு என்பது புலப்படும். ஊரில் பிடித்த குரங்குகளை எங்கே கொண்டுபோய் விடலாம், எங்கே விடக்கூடாது என்று தீர்மானிக்க அது வழிகாட்டும்.

கண்ணுக்குப் படாத தேவாங்கு

மற்றோர் உயிரும் நம் மலைகளில் இருக்கிறது. தமிழில் தேவாங்கு, தெலுங்கில் தேவாங்க பில்லி. பில்லி என்றால் பூனை. ஆனால் இது பூனையல்ல, குரங்குக்கு உறவு! கால் கிலோ எடைதான் இருக்கும். தட்டுப் போன்ற இரண்டு கண்கள். குச்சி போன்ற கை கால்கள். பகலெல்லாம் தூங்கி, இரவில் பூச்சி பிடித்துத் தின்னும். தலக்கோனைக் காடுகளில் தேவாங்கு இருப்பதை இயற்கை ஆர்வலர்கள் அறிவார்கள்.

தேவாங்கு யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. இருந்தும் அதன் கண்ணும் உடலும் மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் உதவும் என்ற மூடநம்பிக்கையால் பிடித்து விற்கப்படுகிறது. சாலையைக் கடக்கும்போது சக்கரத்தில் நசுங்கிச் சாவதும் உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதற்கு இடம் உண்டு. பிடித்தாலோ விற்றாலோ சிறைத் தண்டனை கிடைக்கும். தமிழக அரசு 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் இந்தியாவில் அதுதான்.

பிடிபட்ட தேவாங்கு ஒன்று அதிகாரிகளிடம் வந்து சேர்ந்தால், அதை எந்தக் காட்டில் விடுவது? தேவாங்கிலும் மேற்கு மலைக்கு ஒரு வகை, கிழக்கே வறண்ட காடுகளுக்கு ஒரு வகை உண்டு. அதன் கூண்டில் கிடக்கும் மிளகளவு கழிவுகூட இந்தக் கேள்விக்குப் பதில் தேட உதவும்.

யானைக்கும் இதே வழி

குரங்குக்கு மட்டுமல்ல, நம் பகுதி யானைக்கும் இந்த முறை பொருந்தும். ஏறத்தாழ 200 ஆண்டுகளாக யானையே இல்லாமல் இருந்த சித்தூர்க் காடுகளுக்கு, 1980-களில் தமிழகத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் யானைகள் வந்து சேர்ந்தன. அவற்றுக்காகவே 1990-ல் பலமனேர், குப்பம் பகுதியில் கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. கரும்பும் நெல்லும் மிதிபட்ட விவசாயிகளுக்கு அந்த யானைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நாடு முழுவதும் யானைகளை டி.என்.ஏ. முறையில் கணக்கெடுத்த முடிவு 2025 அக்டோபரில் வெளியாயிற்று. 21,056 இலத்தி மாதிரிகளைச் சோதித்து, 4,065 யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, அதைக் கொண்டு மொத்தம் 22,446 யானைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். முன்பெல்லாம் கண்ணால் பார்த்தும், இலத்திக் குவியல்களை எண்ணியும் கணக்கிட்டார்கள். இப்போது இலத்தியைக் கொண்டே இது இன்ன யானை என்று சொல்லும் காலம் வந்துவிட்டது.

விஞ்ஞானம் பாதி, நாம் பாதி

டி.என்.ஏ. எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நினைப்பதும் தவறு. சோலைக்கு மரம் வைப்பது அதன் வேலையல்ல. சாலையில் வேகத்தைக் குறைப்பதும், வேட்டைக்காரனைப் பிடிப்பதும் அதன் வேலையல்ல. நோயாளிக்கு இன்ன வியாதி என்று சொல்லும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் போன்றது அது. சீட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் வியாதி தீருமா? 2015-ல் தெரிந்த பாலக்காட்டுக் கணவாய் உண்மை, குரங்குகளை இடம் மாற்றுகிறவர்களின் கையேட்டில் ஏறினால்தான் அதற்குப் பலன்.

சேஷாசல மலைகள் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. அடிவாரத்தில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. விலங்குகளுக்கு உயிரியல் பூங்கா இருக்கிறது. ஐதராபாத் ஆய்வகம் ஓர் இரவு ரயில் பயண தூரத்தில்தான். குல்லாய்க் குரங்குக்கும் தேவாங்குக்கும் மரபுக் கணக்கு எழுத இதைவிடத் தோதான இடம் வேறு ஏது? வன இலாகாவும் கல்விக்கூடங்களும் கூடிச் செய்ய வேண்டிய பணி இது.

பொதுமக்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஆர்வத்தில் யாரும் குரங்கின் கழிவைத் தொட வேண்டாம்; அதிலுள்ள கிருமிகளும் புழுக்களும் மனிதனுக்கும் தொற்றக்கூடியவை. வனத்திலிருந்து எதை எடுப்பதற்கும் வன இலாகாவின் அனுமதி வேண்டும். மலை ஏறும்போது குரங்குக்குத் தின்பண்டம் போடுவது புண்ணியம் என்று பலர் கருதுகிறார்கள். சிப்ஸும் பிஸ்கோத்தும் அதன் வயிற்றுக்கு ஏற்றவை அல்ல. கூட்டத்தைச் சாலைக்கு இழுத்து வண்டிச் சக்கரத்துக்கும் மனித நோய்க்கும் இரையாக்கும் வழியே அது. போடாமல் போவதுதான் உண்மையான புண்ணியம். தேவாங்கை யாராவது விற்கக் கண்டால் உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வீட்டைச் சுற்றி குரங்குத் தொல்லை என்று புகார் செய்யும்போது, பிடித்தவற்றை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த ஒரு வார்த்தையை ஊரார் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், லாரியில் ஏற்றிக் கண்காணாத காட்டில் இறக்கிவிட்டு வரும் வழக்கம் தானாக நிற்கும்.